தம்பியின் எடைக்கு ஒரு கணக்கு

வீட்டில் அவளுக்குப் பட்டைக்காரி என்று பெயர். வைத்தது தம்பிதான். ஒரு மரத்தின் பட்டையோடு அவள் இருபது வருஷத்துக்கும் மேல் மல்லுக்கட்டினாள். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மூட்டை மூட்டையாகப் பட்டையை உலர்த்தி, அரைத்து, ஊறவைத்து, வடித்து, பிரித்தால் கடைசியில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் தேறும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களை அது ஈவிரக்கமில்லாமல் கொன்றது. எலிகளின் கட்டியையும் கரைத்தது. கூடவே அவற்றின் சிறுநீரகத்தையும் தீர்த்துக்கட்டியது. ‘இது மருந்தாகாது’ என்று போன வருஷம் அறிக்கை எழுதி எல்லாவற்றையும் இழுத்து மூடியவளும் அவள்தான். அதிலிருந்து அவளுக்கு எதிலும் பிடிப்பில்லை. காலையில் எழுந்திருப்பதே பெரிய வேலையாக இருந்தது.

இந்த லட்சணத்தில் தம்பிக்குக் கணையத்தில் புற்றுநோய். ஏற்றிக்கொண்டிருந்த மருந்துக்கும் அது கேட்கவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் அவன் மெதுவாக ஆரம்பித்தான்.

“அக்கா, உன் தூளைக் கொஞ்சம் கொண்டு வாயேன்.”

“அது விஷம்டா.”

“இப்ப ஏத்துறாங்களே, இது மட்டும் என்ன பழச்சாறா?”

“எலியெல்லாம் செத்துப்போச்சுடா.”

“கட்டி கரைஞ்சப்புறம்தானே? நான் எலியைவிடப் பெரிய ஆளு. தாங்கிடுவேன்.”

கட்டிலருகே அவன் மனைவி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் சொல்லித்தான் கேட்கிறான் என்பது அக்காவுக்குப் புரிந்தது. யார்மேல் கோபப்படுவது? “முடியாதுடா” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

வந்தவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். கால்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. சும்மா பார்க்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குளிர் அறையிலிருந்து பழுப்புக் குப்பியை எடுத்தாள். மிச்சமிருந்த தூள் மொத்தமும் அதில்தான் இருந்தது.

எலிக்குக் கொடுத்த அளவை மனிதனுக்கு மாற்றும் கணக்கு அவளுக்குத் தூக்கத்திலும் வரும். மனசு அதுபாட்டுக்குப் போட ஆரம்பித்தது. தம்பியின் எடை தெரியும். காலையில்தான் நர்ஸ் பார்த்தார். ஆள் பாதியாகிவிட்டதால் தூளும் குறைவாகத்தான் தேவைப்படும். குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

“போதும்” என்று வாய்விட்டே சொன்னாள்.

தன் குரலைக் கேட்டதும் குப்பியைச் சட்டென்று மேஜையில் வைத்தாள். கொன்றுவிடும் என்று எழுதிய கையே அளந்து கொடுக்கவும் தயாராகிவிட்டது. நாளைக்கு அவன் இன்னொரு தடவை கேட்டால் கொண்டு போய்விடுவாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

குப்பியைத் திறந்தாள். திரவம் ஊற்றிக் கரைத்து, ரசாயனக் கழிவுக் கேனில் கவிழ்த்தாள். அலசி அலசி ஊற்றினாள். அழுதுகொண்டேதான் செய்தாள். ஆனால் கை நிற்கவில்லை.

மறுநாள் அவள் உள்ளே நுழைந்ததுமே தம்பி கையைப் பார்த்தான்.

“கொண்டு வந்தியா?”

“கொட்டிட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான். இருந்தா உனக்குக் கொடுத்துடுவேன்டா.”

அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அழாதவனுக்குக் கண் கலங்கியது.

“அடிப்பாவி, அதுக்காகத்தானே நீ கல்யாணமே பண்ணிக்கல.”