சாவியைக் கவ்வும் பூட்டு

விக்டோரியா விடிந்ததிலிருந்து கொட்டகையில் குட்டிபோட முக்கிக்கொண்டிருந்தது. முனியப்பன் விடிந்ததிலிருந்து ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பால்காரன் கொட்டகைப் பக்கம் ஒருதரம் திரும்பினான், எதற்குத் திரும்பினான்? பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடும்போது வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள், அது இருமல்தானா? சொந்த மனைவி ராமுத்தாய் வெந்நீர்ச் சட்டியோடு குறுக்கே போனபோது அவர் முகத்தைப் பார்க்காமல் போனாள். பார்த்திருந்தால், ஏன் பார்த்தாள் என்று யோசித்திருப்பார்.

முனியப்பனுக்கு நாகல் நகரில் பூட்டுக்கடை. கடையை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. கடைப் பலகையில் 'முனியப்பன் அண்ட் சன்ஸ்' என்று எழுதியிருக்கும். சன்ஸ் இன்னும் பிறக்கவில்லை. பின்னால் ஒருதரம் பலகையை அழித்து எழுதுவானேன் என்று கல்யாணமான புதிதிலேயே முன்யோசனையாக எழுதிவைத்தது. இப்போது அழித்தால் ஊர் என்ன ஏது என்று கேட்கும். அதனால் பொங்கலுக்குப் பொங்கல் அந்த எழுத்துக்கு மட்டும் புது வர்ணம் ஏறிக்கொண்டிருந்தது.

விக்டோரியா ராஜபாளையத்து நாய். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு மட்டும் ரோஜா நிறம். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய்ப் பத்து வருஷம் ஆகியும், மதிப்பான பேர் என்று யோசித்தால் முனியப்பனுக்கு அந்தப் பேர்தான் வந்தது. நகரசபைத் தேர்தலில் நிற்கும் ஆசையில் கதர்ச்சட்டை தைத்துக்கொண்டபோது, பேரை 'விஜயா' என்று மாற்றிப் பார்த்தார். நாய் இரண்டுக்கும் திரும்பவில்லை. "ஏ புள்ள" என்று ராமுத்தாய் கூப்பிட்டால்தான் வாலை ஆட்டிக்கொண்டு வரும்.

அதை இணை சேர்க்க ராஜபாளையத்துக்கே டாக்சி வைத்துக் கூட்டிப்போனார். ஏதோ ஒரு ஜமீன் வழி வந்த வீடாம். திரும்பி வந்ததிலிருந்து அந்த வீட்டை அவர் 'சம்பந்தி வீடு' என்றுதான் சொன்னார். நல்ல சாதி நாய்க்குட்டியை அந்தப் பக்கம் விலைக்குக் கொடுக்க மாட்டார்கள். வெற்றிலை பாக்கு மாற்றி, இன்னாருக்கு என்று வாக்குக் கொடுத்துத்தான் கொடுப்பார்கள். முனியப்பனும் தட்டு தூக்கிக்கொண்டு புறப்பட்டார். தாசில்தார் வீட்டுக்கு ஒரு தட்டு, போலீஸ் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு ஒரு தட்டு, தேர்தலில் யாரை நிறுத்துவது என்று முடிவு செய்கிற கட்சிப் பெரியவர் வீட்டுக்குக் கொஞ்சம் பெரிய தட்டு. வயிற்றில் இருக்கிறதோ இல்லையோ தெரியாத குட்டிகளுக்கு நிச்சயதார்த்தமே முடிந்துவிட்டது.

ராஜபாளையத்திலிருந்து வந்த பிறகும் விக்டோரியாவுக்குச் சூடு அடங்கவில்லை. தெருநாய்கள் வாசலில் கச்சேரி வைத்தன. முனியப்பன் அதற்கெல்லாம் அசரவில்லை. பழைய பட்டறைக் கொட்டகையில் அதை விட்டு, தன் கடையின் பேர்போன மாங்காய்ப் பூட்டைப் போட்டுவிட்டார். அந்தப் பூட்டில் வேறு சாவியை நுழைத்தால் கவ்விப் பிடித்துக்கொள்ளும்; விடுவிக்கிற இரண்டாவது சாவியைப் போட்டால்தான் விடும். 'இதை எவனாலும் திறக்க முடியாது' என்று கடைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்தார். முதல் சாவி அவர் அரைஞாண் கயிற்றில். இரண்டாவது சாவி கடை இரும்புப் பெட்டிக்குள். ராமுத்தாயை நம்பிக்கூட அதை வெளியில் வைக்கவில்லை.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் சம்பந்தி வீட்டுக்காரர் குறித்துக் கொடுத்த கெடு வந்தது, போனது. குட்டி வரவில்லை. கெடு தாண்டிக் கொஞ்சநாள் கழித்து, இன்றைக்குத்தான் வலி எடுத்திருக்கிறது. அப்படியானால் கணக்கு ராஜபாளையத்தில் ஆரம்பிக்கவில்லை. அதற்கப்புறம், இந்தக் கொட்டகையில், இந்தப் பூட்டுக்குள் ஆரம்பித்திருக்கிறது.

கெடு தாண்டிய நாளிலிருந்தே முனியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பூட்டை யாரோ திறந்திருக்கிறார்கள். யார்? எதிர்க்கடை அந்தோணிமுத்து. அவனும் பூட்டுக்காரன். 'அசல் பழைய கடை' என்று போன வருஷம் திறந்த கடைக்குப் பலகை மாட்டியவன். அவன்தான் தெருவில் திரிகிற செவலை நாயை உள்ளே விட்டு, தாசில்தார் முன்னால் தன் மானத்தை வாங்கப் பார்த்திருக்கிறான். போய்ச் சட்டையைப் பிடித்திருப்பார். பிடித்தால், அவன் திறந்தான் என்றாகும். அவன் திறந்தான் என்றால், சுவரில் எழுதிய கொட்டை எழுத்து பொய் என்றாகும். குற்றம் சாட்டவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், எதிர்க்கடையை முறைத்துக்கொண்டே நாளைக் கடத்தினார். அந்தோணிமுத்துவும் காரணம் தெரியாவிட்டாலும் சளைக்காமல் திருப்பி முறைத்தான்.

"இங்க வந்து பாருங்க" என்று ராமுத்தாய் கொட்டகையிலிருந்து கூப்பிட்டாள். "தண்ணிக்கொடம் ஒடஞ்சு வெகுநேரமாச்சு. இப்பப் பச்சையா ஒழுகுது. குட்டி வரல. மாட்டாஸ்பத்திரி டாக்டரக் கூட்டியாங்க."

"செத்த நேரம் பொறு. தானா போடும்."

"எப்பப் போடும்? செத்த பெறகா?"

"ஏண்டி, அந்த டாக்டருதான் இன்ஸ்பெக்டர் வீட்டு மாட்டுக்கும் வைத்தியம் பாக்குறாரு. குட்டி என்ன நெறம்னு நாம பாக்குமுன்ன அங்க போய்ச் சொல்லிருவாரு."

"நெறமா?" ராமுத்தாய் சட்டியைக் கீழே வைத்தாள். "அது உசுருக்கு மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடக்கு. ஒங்களுக்கு நெறமாக்கும்?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே புறப்பட்டாள். அவ்வளவு அவசரமாக ஏன் போகிறாள் என்று அதற்கும் முனியப்பன் சந்தேகப்பட்டார். அவள் தலை தெருமுனையில் மறைந்ததும் கொட்டகைக் கதவைச் சாத்தி, எவன் கண்ணும் படாமல் இருக்கட்டும் என்று மாங்காய்ப் பூட்டைப் போட்டுப் பூட்டினார். உள்ளே விக்டோரியா முனகுவது கேட்டது. காதில் விழாத மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ராமுத்தாய் ஜட்காவில் டாக்டர் பவுல்ராஜை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பாதிச் சாப்பாட்டில் எழுப்பப்பட்டவர். கையில் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை.

"பச்சை எப்பேலருந்து?"

"வெகுநேரமா அய்யா" என்றாள் ராமுத்தாய்.

"வெகுநேரமாவா? அதப் பாத்தா ஒடனே கூப்புடணும்மா. எங்க நாய்? எதுக்குப் பூட்டி வச்சிருக்கீங்க?"

"காத்து கருப்பு படக்கூடாதுன்னு..." என்றார் முனியப்பன்.

"தொறங்க."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, முனியப்பன் வேட்டிக்குள் கைவிட்டு அரைஞாண் கயிற்றைத் தடவினார். கயிற்றில் இரண்டு சாவி. கண் டாக்டரின் முகத்தில் இருந்தது. இந்த ஆள் வெளியில் சொல்வாரா, மாட்டாரா? கை தானாக ஒரு சாவியை அவிழ்த்து நுழைத்துத் திருகியது. பூட்டு 'கடக்' என்றது. திறக்கவில்லை. இழுத்தார்; வரவில்லை. ஆட்டினார், அசையவில்லை.

"என்னாச்சு?" என்றார் டாக்டர்.

"சாவி மாறிப் போச்சு. கவ்விருச்சு."

"விடுறதுக்கு வேற சாவி இருக்கும்ல?"

"இரும்புப் பெட்டிக்குள்ள."

"எடுத்துட்டு வாங்க."

முனியப்பன் நகரவில்லை. பூட்டு கவ்விக்கொண்டிருந்தது இரும்புப் பெட்டியின் சாவி.

ராமுத்தாய் ஒரு நிமிஷம் பூட்டைப் பார்த்தாள், ஒரு நிமிஷம் புருஷனைப் பார்த்தாள். பிறகு சந்து வழியே வாசலுக்கு ஓடி, தெருவைத் தாண்டிக் கேட்கிற மாதிரி கத்தினாள். "அந்தோணி அண்ணே! கொஞ்சம் வாங்க! பூட்டத் தொறக்கணும்!"

முனியப்பன் அவசரமாகப் பூட்டை மறைத்துக்கொண்டு நின்றார். ஊரில் வேறு பேரே இவளுக்குக் கிடைக்கவில்லையா?

அந்தோணிமுத்து வந்தான். அவசரமாக வரவில்லை, மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிற மாதிரி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். பூட்டைக் குனிந்து பார்த்தான். தொடவில்லை.

"எவனாலயும் தொறக்க முடியாதுன்னு எழுதிப் போட்டிருக்கீகளேண்ணே. நான் தொறந்தா நீங்க பொய்யி சொன்னதா ஆயிரும். தொறக்காட்டி எனக்குத் தொழில் தெரியலன்னு ஆயிரும். நான் எந்தப் பக்கம் நிக்க?"

"ஒனக்கு இது புதுசா?" என்று முனியப்பன் பல்லைக் கடித்தார். "இதுக்கு முன்னால தொறக்காதவன் மாதிரி பேசுற."

"எப்பத் தொறந்தேன்?"

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்லுங்க. ஊரே கேக்கட்டும்."

முனியப்பன் வாயைத் திறந்தார். சுவரில் இருந்த கொட்டை எழுத்து ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

"ரெண்டு பேரு மானத்தையும் அப்புறம் நிறுத்துப் பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். "சத்தத்தக் கேளுங்க."

கேட்டார்கள். சத்தம் இல்லை. விடிந்ததிலிருந்து முனகிக்கொண்டிருந்த கொட்டகை அமைதியாகிவிட்டது. ராமுத்தாய் கதவு இடுக்கில் வாயை வைத்து, "ஏ புள்ள! ஏ புள்ள!" என்றாள். உள்ளே தரையில் வால் ஒரே ஒருதரம் தட்டியது. அதற்கு மேல் இல்லை.

அந்த ஒரு தட்டலில் முனியப்பனின் கதர்ச்சட்டை வேர்த்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. தாசில்தார், இன்ஸ்பெக்டர், பெரிய தட்டு எல்லாம் செத்த நேரம் எங்கோ போய்விட்டன.

"தொறப்பா" என்றார். "ஒடச்சாச்சும் தொற."

அந்தோணிமுத்து அப்போதும் பூட்டைத் தொடவில்லை. மடியிலிருந்து உளியை எடுத்து, கதவின் மறு ஓரத்துக்குப் போய், துருப்பிடித்த கீலில் இரண்டு போடு போட்டான். ஆணி கழன்றது. கீழ்க்கீலிலும் போட்டான். கதவு அப்படியே பெயர்ந்து அவன் தோளில் சாய்ந்தது. பூட்டு பூட்டினபடி, சாவியைக் கவ்வினபடி தொங்கியது.

"ஒங்க பூட்டுக்கு ஒண்ணும் ஆகலண்ணே."

இந்த வழியாகத்தான் அன்றைக்கும் வந்திருப்பானோ என்ற எண்ணம் முனியப்பனுக்கு அப்போதும் வந்தது. அதை நினைத்து முடிப்பதற்குள் டாக்டர் அவரை உள்ளே இழுத்துவிட்டார்.

"தலையப் புடிச்சுக்குங்க. கடிச்சாலும் விடாதீங்க."

விக்டோரியா பக்கவாட்டில் கிடந்தது. பின்பக்கம் ஒரு சின்ன வால் மட்டும் வெளியே வந்து நின்றிருந்தது. ஈரத்தில் நனைந்திருந்தாலும் நிறம் நன்றாகவே தெரிந்தது. செவலை. நுனி சுருண்டு வேறு இருந்தது. முனியப்பன் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டு, அந்த வாலைத் தவிர கொட்டகையில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தார்.

டாக்டர் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, விரலில் எண்ணெய் தடவிக்கொண்டார். "பின்பக்கமா வருது. கால் ரெண்டும் உள்ள மடங்கிக் கெடக்கு." குட்டியை மெல்ல உள்ளே தள்ளி, விரலால் துழாவி ஒரு காலை எடுத்தார்; பிறகு இன்னொன்றை. ஈரத்துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "இது முக்கும்போதுதான் இழுக்கணும். நாமளா இழுத்தா தாய் போயிரும்."

விக்டோரியா முக்கவில்லை. தெம்பு இல்லை.

"கூப்புடுங்க அத" என்றார் டாக்டர்.

"விக்டோரியா" என்றார் முனியப்பன். காது அசையவில்லை. "விஜயா." அதுவும் இல்லை. ராமுத்தாய் அவரைப் பார்த்தாள். வாசலில் அந்தோணிமுத்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முனியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏ புள்ள" என்றார். "முக்கு புள்ள. இன்னும் ஒருதரம். ஏ புள்ள!"

அது கண்ணைத் திறந்தது. அவருடைய கையை வலிக்கக் கடித்துக்கொண்டு முக்கியது. டாக்டர் கீழ்நோக்கி இழுத்தார். குட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. பெரிய குட்டி, அசைவில்லை. டாக்டர் அதன் வாயை வழித்து ராமுத்தாயிடம் போட்டார்; அவள் முந்தானையால் தேய்த்தாள், தலைகீழாகப் பிடித்துத் தேய்த்தாள், திட்டிக்கொண்டே தேய்த்தாள். 'கீச்' என்று ஒரு சத்தம் வந்தது.

டாக்டர் ஊசி போட்டார். அதற்கப்புறம் அடைப்பெடுத்த வாய்க்கால் மாதிரி மற்றவையும் வந்தன. செவலை, செவலை, மறுபடி செவலை. கடைசியாக ஒன்று வெள்ளையாக வந்தது. முனியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். திருப்பிப் பார்த்தால் அதற்கும் காது இரண்டும் செவலை.

கதவில்லாத வாசலில் அப்போது தெருச்செவலை வந்து நின்றது. ஒரு காது கிழிந்த, வால் சுருண்ட நாய். யாரையும் மதிக்காமல் உள்ளே நுழைந்து, மூலையில் அடுக்கியிருந்த பழைய கரிமூட்டைகளுக்குப் பின்னால் போய், ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

"இது என்னடி, வீட்டுக்காரன் மாதிரி போய்ப் படுக்குது?" என்றார் முனியப்பன்.

"அது எப்பயும் படுக்குற எடந்தான். விக்டோரியா வர்றதுக்கு முந்தியே."

"பூட்டியிருந்த கொட்டகைக்குள்ள எப்படி வந்துச்சுன்னு கேக்குறேன்."

"எங்க வந்துச்சு? நீங்க விக்டோரியாவ விட்டுப் பூட்டுன அன்னைக்கே அது மூட்டைக்குப் பின்னால தூங்கிக்கிட்டுத்தான் கெடந்துச்சு. மறுநா காலையில நீங்க பூட்டத் தொறந்துட்டுக் குளிக்கப் போனீக. நான் கஞ்சியோட கதவத் தள்ளுனா, எனக்கு முன்னால அது வெளிய போகுது."

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீக? சாவிய யாருகிட்டக் குடுத்தன்னுதான் தெனமும் கேட்டீக. நான் யாருகிட்டயும் குடுக்கல."

டாக்டர் கை கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. அந்தோணிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. மிகுந்த மரியாதையோடு தொங்குகிற பூட்டைப் பார்த்தான்.

"நல்ல பூட்டுண்ணே. உள்ள இருந்தவன வெளிய விடல பாருங்க."

முனியப்பன் கடிபட்ட கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடித்த இடத்தை விக்டோரியா நக்கிக்கொண்டிருந்தது. அதற்குத் தன் குட்டிகளின் நிறத்தில் குறை தெரிந்த மாதிரி இல்லை. ஒவ்வொன்றாகத் தலைமுதல் வால்வரை நக்கிச் சுத்தம் செய்து வயிற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டது. பெரிய தட்டுக்குப் பேசிய குட்டி எது என்று அவர் ஒருதரம் பார்வையை ஓட்டினார். எல்லாம் ஒன்றுபோல மடியை முட்டிக்கொண்டிருந்தன.

"கதவத் திரும்ப மாட்டிறவாண்ணே?" என்று அந்தோணிமுத்து கேட்டான்.

"மாட்டு" என்றார் முனியப்பன். அவன் கதவைத் தூக்கினான். "பொறு, பொறு."

எழுந்து போய்க் கரிமூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து, ஒவ்வொரு சந்தாக எட்டிப் பார்த்தார். செவலை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடியும் மூடிக்கொண்டது. அதற்குப் பின்னால் வேறு எவனும் இருக்கிறானா என்று பார்ப்பதற்காக, முனியப்பன் அதையும் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தார்.