பன்னிரண்டரைப் புளியங்கொட்டை

1

இது கேள்விப்பட்ட கதை என்று தொடங்கினேன். பொய், அடித்துவிட்டேன். 1964இல் புதுக்கோட்டையில் பி.யு.சி. படித்தபோது கண்ணால் பார்த்தது. உடனே நம்பிவிடாதீர்கள், நானும் அங்கே இருந்தவன்.

2

இயற்பியல் செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டர் ரத்தினவேல் ஒரு நல்ல [வேண்டாம்] சந்தேகப் பிராணி. கதிரியக்கச் சிதைவைக் காட்ட எங்கள் ஆய்வகத்தில் யுரேனியமா கொட்டிக் கிடந்தது? ஒரு பக்கம் தேய்த்து வெளுப்பாக்கிய புளியங்கொட்டைகளை ஆளுக்கு நூறு கொடுத்தார். குலுக்கிப் போட வேண்டும். வெள்ளை மேலே விழுந்தவை சிதைந்த அணுக்கள். அவற்றை எடுத்துவிட்டு, மிச்சத்தை எண்ணி எழுதி, மறுபடி போட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறையப் பாதி போய்விடும். அதுதான் அரை ஆயுள்.

3

ரெக்கார்டு நோட்டில் அவர் கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வு கிடையாது. ஒரு வருஷம் பாழ். நாற்பது பேரில் ஆவூர் சூசைமேரியின் நோட்டை மட்டும் தள்ளி வைத்தார். அவள் எழுதியிருந்த கணக்கு: நூறு, ஐம்பத்து நான்கு, இருபத்தைந்து, பதினான்கு, ஐந்து, ஐந்து. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, அஞ்சுக்கப்புறம் மறுபடி எப்புடி அஞ்சு? ஒக்காந்த எடத்துல எழுதுனியா?"

"போட்டுத்தான் சார் எழுதுனேன். அஞ்சும் கறுப்பாவே விழுந்துச்சு. அடுத்து நாமதான் போகணும்னு கொட்டைக்குத் தெரியுமா சார்?"

"பேச்சு மட்டும் வக்கணையா இருக்கு. மத்தவங்களுக்கெல்லாம் ஒரே மாதிரி வந்திருக்கே!"

"அதான் சார் எனக்கும் சந்தேகம். எல்லாரும் பன்னெண்டரைன்னு போட்டிருக்காங்க. அந்த அரைக் கொட்டைய எங்கிட்டு வச்சிருக்காங்கன்னு கேளுங்க."

4

மேலே இருந்த நோட்டைப் பிரித்தார். நூறு, ஐம்பது, இருபத்தைந்து, பன்னிரண்டரை. அடியில் அவரே போட்ட கையெழுத்து. அடுத்த நோட்டும் அப்படியே. அட கடவுளே! எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெருங்கூட்டத்துக்குத்தான் பாதிக் கணக்கு, கூட்டம் குறையக் குறையக் கணக்கு ஆட்டம் காணும். பத்து வருஷமாக இதைக் கரும்பலகையில் எழுதியவருக்கு அன்றுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது: இவளுக்குக் கையெழுத்துப் போட்டால் மற்ற முப்பத்தொன்பதும் பார்க்காமல் போட்டவை என்றாகிவிடும். [அவர் மனசுக்குள் நான் எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள்.]

5

முடிவு அ: துணிந்து கையெழுத்துப் போட்டார். நான் அவரை அவ்வளவு நம்பவில்லை.

முடிவு ஆ: சூசைமேரி அழுதுகொண்டே... இல்லை, அவள் அழுகிற ஆளில்லை.

நடந்தது இவ்வளவுதான். பேனாவைத் திறந்துகொண்டு எங்களைப் பார்த்தார். "கொட்டையப் போடாமலே எழுதுனவங்க யாராச்சும் ஒருத்தர் எந்திரிங்க. இவளுக்குக் கையெழுத்துப் போட்டுர்றேன்."

இதற்கு மேல் நீங்கள் எழுதுங்கள். அவளுக்குக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள், யாரை வேண்டுமானாலும் எழுந்து நிற்க வையுங்கள். என்னை மட்டும் வேண்டாம். நான் உட்கார்ந்தேதான் இருந்தேன்.