பாதி பாதியாகச் சுகமானவர்கள்

2013ஆம் ஆண்டு வைகாசியில் உயிலங்குளம் அருள்நாயகியின் வலது பாதி மட்டும் சுகமானது. இடது பாதியில் இரத்தப் புற்றுநோய் இருந்தபடியே இருந்தது. வகிட்டுக்கு வலப்புறம் மயிர் கறுத்து முளைத்தது. இடப்புறம் மொட்டையாகவே கிடந்தது. சோற்றை வலப்பக்கம் மென்றால் ருசித்தது, இடப்பக்கம் மென்றால் இரும்பு மணத்தது. அதே கிழமை வங்காலையில் இமெல்டாவுக்கு இடது பாதி சுகமானது. அந்த வருஷம் சோளகக் காற்று முந்தி வந்தது என்பதைத் தவிர, அந்த மாதத்தில் குறித்துவைக்க வேறொன்றும் இல்லை.

பிள்ளைகளே, இதற்குக் காரணம் நோயல்ல, பழக்கம். அருள்நாயகி கலியாணம் கட்டாதவள், தமையனின் வயலோடு காலம் கழித்தவள். இமெல்டா புருஷனைக் கடலில் பறிகொடுத்து, நாலு வயது மகள் ஜெனிற்றாவோடு படகேறியவள். சண்டைக் காலத்தில் இருவரும் அக்கரையில் மண்டபம் அகதி முகாமில் அடுத்தடுத்த அறைகளில் நாலு வருஷம் இருந்தார்கள். அங்கே பங்கீட்டு அரிசி மூட்டைகளில் ஒன்று நல்லதாகவும் மற்றது வண்டு விழுந்ததாகவும் வரும். யாருக்கு எது விழும் என்று தெரியாது. ஆகவே திறந்து பார்க்கும் முன்பே இரண்டையும் ஒரே பாயில் கொட்டிக் கலந்து பாதி பாதியாக அள்ளிக்கொள்வார்கள். அந்த முகாமில் ஒருவர் நல்லரிசியும் அடுத்தவர் வண்டரிசியும் தின்றதில்லை. 2010இல் ஊர் திரும்பியபோது சாமான்களில் பாதி தொலைந்துபோயிற்று. பழக்கம் தொலையவில்லை.

இரண்டு வருஷம் கழித்து இருவருக்கும் ஒரே நோய் வந்தது. கொழும்பில், ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் புது மருந்தைப் பரிசோதிக்கும் கிளினிக்கின் வாங்கில் குந்தியிருந்தபோது மறுபடி சந்தித்துக்கொண்டார்கள். மூன்று மொழியிலும் எழுதிய கடதாசியில் கையெழுத்து வைத்தார்கள். டொக்டர் செல்வநாயகம் பொறுமையாக விளக்கினார். சிலருடைய போத்தலில் மருந்துக் குளிசை, சிலருடையதில் வெறும் மாவுக் குளிசை. பார்வைக்கு இரண்டும் ஒன்று. எது எவருக்கு என்று அவருக்கே தெரியாது, மூடி முத்திரை வைத்த உறைக்குள் இருக்கிறது. இதைக் கேட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். விளங்கிவிட்டது என்று டொக்டர் நினைத்தார்.

மன்னார் பஸ்ஸில் மடியில் சேலையை விரித்து, அருள்நாயகியின் பாக்குவெட்டியால் இரண்டு போத்தல் குளிசைகளையும் ஒவ்வொன்றாக நடுவால் வெட்டினார்கள். வலது துண்டுகள் அருள்நாயகிக்கு, இடது துண்டுகள் இமெல்டாவுக்கு. மதவாச்சி வருமுன் வேலை முடிந்துவிட்டது.

கிளினிக்கில் ஆறு மாதம் குழம்பினார்கள். தாதி வலது கையில் இரத்தம் எடுத்த மாதம் அருள்நாயகி சுகம், இடது கையில் எடுத்த மாதம் சாகக் கிடந்தாள். இமெல்டாவுக்கு மறுவளம். கடைசியில் டொக்டர் இருவரையும் கதிரையில் இருத்தி விசாரித்தபோது, குளிசை வெட்டிய கதை வெளியே வந்தது.

"ஆர் உங்களை வெட்டச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா," என்றாள் அருள்நாயகி. "எது நல்லதெண்டு தெரியாட்டில் கலக்கத்தானே வேணும்?"

"இதென்ன அரிசியே?"

"அரிசியெண்டால் கழுவியாவது பாக்கலாம் ஐயா," என்றாள் இமெல்டா.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன: குணம், குணமில்லை. பாதிக்குக் கட்டம் இல்லை. உறையை உடைத்தார்கள். மருந்து இமெல்டாவின் போத்தலில் இருந்தது. அருள்நாயகியினது மாவு. கம்பனி அருள்நாயகியை நீக்கியது. இமெல்டா தொடரலாம், ஆனால் ஊர் மருத்துவமாதுவின் முன்னால் தினமும் ஒரு குளிசையை முழுதாக விழுங்குவதாக எழுதித்தர வேண்டும்.

திரும்பும் பஸ் புத்தளத்தைத் தாண்டியதும் அருள்நாயகி சொன்னாள்.

"நீயே போடு இமெல்டா. உனக்குப் பிள்ளை இருக்கு."

"நான் கேக்க முன்னமே சொல்லுறாய். நான் கேட்டாப்பிறகு உனக்குத் தர மனம் வராமல் போயிடுமோ எண்டு பயமோ?"

"பயந்துதான் சொல்லுறன். எனக்கும் சாக விருப்பமில்லையடி."

இமெல்டா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த கிழமை கையெழுத்து வைத்தாள். அவளைக் கோபிக்காதேயுங்கள், என் செல்லங்களே. ஜெனிற்றாவுக்கு அப்போது பதினொரு வயது.

அவள் முழுக் குளிசையை விழுங்கினாள். அவளுடைய இடது பாதி மேலும் செழித்தது. வலது பாதியில் ஒரு சொட்டும் சேரவில்லை. உயிலங்குளத்தில், ஒன்றும் விழுங்காத அருள்நாயகியின் வலது பாதியும் செழித்தது. இமெல்டா வலப்பக்கம் சரிந்து படுத்து விழுங்கிப் பார்த்தாள், குளிசையைத் திருப்பிப் போட்டு விழுங்கிப் பார்த்தாள். மருந்தின் பாதி அருள்நாயகிக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது. ஒருநாள் நொண்டியபடி பஸ்ஸேறிப் போய், வயல் வரம்பில் நின்று கத்தினாள்.

"எடுக்காத மருந்து உனக்கு எப்பிடியடி வேலை செய்யுது, கள்ளி?"

"நான் என்ன செய்ய? நீ விழுங்கேக்க எனக்குத் தொண்டை கசக்குது. வேண்டாமெண்டு துப்பியும் பாத்தன். வரேல்லை."

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. 2016இல் கம்பனி கணக்கை முடித்தது. மருந்து எடுத்த இமெல்டா குணமில்லை என்ற கட்டத்தில் இருந்தாள். மாவு எடுத்த அருள்நாயகி எந்தக் கட்டத்திலும் இல்லை. மற்ற ஊர்களின் கட்டங்களும் கம்பனிக்குப் பிடித்தபடி நிரம்பவில்லை. மருந்தால் பயனில்லை என்று எழுதி, போத்தல்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். டொக்டர் செல்வநாயகம் மூன்று கடிதம் எழுதினார். பதில் வரவில்லை.

அடுத்த மாரியில் இமெல்டாவின் வலது பாதி இறந்தது. அதே விடியலில் அருள்நாயகியின் இடது பாதியும் இறந்தது. வங்காலையில் பெட்டி செய்தவர் நீளத்தைக் குறைக்கவில்லை, அகலத்தை மட்டும் குறைத்தார். பங்குத்தந்தை அடக்கம் செய்தார். உயிலங்குளத்தில் வழமையான விறகில் பாதி போதுமாக இருந்தது. பதிவாளர் கந்தோரில் அரை மரணத்துக்குப் பத்திரம் கொடுக்க இடமில்லை என்று சொல்லி, இரண்டு அரையையும் சேர்த்து ஒரே பத்திரமாக எழுதினார்கள். பெயர் எழுதும் கோட்டில் இரண்டு பெயரும் நெருக்கிக்கொண்டு இருக்கின்றன.

ஒரு பாதி தனியே நிற்காது. ஜெனிற்றா ஓட்டோ பிடித்துப் போய் அருள்நாயகியை வங்காலைக்குக் கூட்டிவந்து தாயோடு சேர்த்து நிறுத்தினாள். தோள் உயரம் கொஞ்சம் ஏறுமாறாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. ஒருத்தி பானையைப் பிடிக்க மற்றவள் துழாவினாள். சொல்ல வேண்டியதை ஜெனிற்றாவிடம் சொன்னார்கள். "உன்ர அம்மாவுக்கு உப்பு கூடிப்போச்செண்டு சொல்லு." "உன்ர மாமிக்கு நாக்கு பாதி எண்டு சொல்லு."

2023இல் ஜெனிற்றாவுக்குக் கலியாணம். கோவிலுக்குப் புறப்பட முன், தாயின் ஆசீர்வாதத்துக்கு முழந்தாளிட்டாள். நெற்றியில் சிலுவை வரைவது வலது கை. இமெல்டாவுக்கு வலது கை இல்லை. இடது கையைக் கொஞ்சம் தூக்கினாள், பிறகு இறக்கினாள். திருநீறு பூசியிருந்த அருள்நாயகி, அவளைப் பார்க்காமலே, தன் பெருவிரலால் பிள்ளையின் நெற்றியில் மேலிருந்து கீழாகவும், பிறகு இடமிருந்து வலமாகவும் வரைந்தாள். இமெல்டா செபத்தைச் சொன்னாள். வாசலில் கார் வந்து நின்றது. ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள்.