ஆண்டு மலருக்கு ஒரு கப்பல்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல, கேட்டு வாங்கப்பட்டது. சோமனூர்ப் பக்கத்து ஏற்றுமதியாளர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்று ஆண்டு மலர் போடுகிறது. அதன் செயலாளர் ஈஸ்வரமூர்த்தி, படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்பவர், என்னை ஆபீசுக்கு வரச்சொல்லிக் காபி கொடுத்தார்.

“ஏனுங்க, இந்தச் செங்கடல் பிரச்னைய வெச்சு ஒரு கதை எழுதிக் குடுங்க. கடைசில நல்லபடியா முடியோணுங்க. விளம்பரம் குடுக்கறவங்க படிப்பாங்க.”

நல்லபடியாக என்றால் எப்படி என்று கேட்டேன். கப்பல் பழையபடி சூயஸ் கால்வாய் வழியாகப் போய்ச் சேர்வது என்றார்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது.’ (நான் கடைசியாகக் கடலைப் பார்த்தது ஆறு வருடத்துக்கு முன்னால், தனுஷ்கோடிக்கு வேன் பிடித்துப் போனபோது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ‘எங்கோ ஏவப்பட்ட ஒரு ட்ரோன் சோமனூரில் ஒரு தறியை நிறுத்திய கதை இது. எப்படியென்றால்’ (முடிக்கவில்லை. பத்திரிகைத் தலையங்கம் மாதிரி இருக்கிறது.)

ஆனால் விஷயம் அதுதான். செங்கடலில் கிளர்ச்சிப் படையினர் சரக்குக் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும், ஐரோப்பா போகிற கப்பல்கள் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. இரண்டு வாரம் கூடுதல். போன கப்பல் திரும்பத் தாமதம், அதனால் இங்கே காலி கன்டெய்னர் கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸ் மரம் அச்சிட்ட ஈஸ்வரமூர்த்தியின் விரிப்புகள் ஜனவரியில் போய் இறங்கின. ஜனவரியில் யார் கிறிஸ்துமஸ் மரத்தின் மேல் படுப்பார்கள்? அடுத்த ஆர்டர் வரவில்லை, தறி நின்றது.

இப்போது ஒன்றிரண்டு கம்பெனிகள் மறுபடி கால்வாய் வழியே கப்பல் விடப்போவதாகப் பேச்சு. மனிதர் முகத்தில் அன்று ஒரு களை இருந்தது.

3

கதாபாத்திரம் வேண்டும். அதே அறையில் யுவஸ்ரீ என்றொரு பெண் ஏற்றுமதிக் காகிதங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். கீபோர்டுக்குப் பக்கத்தில் செல்போன். அதில் கடல் வரைபடம், கப்பலுக்கொன்றாய் ஊர்ந்துகொண்டிருக்கும் புள்ளிகள். உங்கள் சரக்குப் போகிற கப்பலா என்று ஈஸ்வரமூர்த்தியிடம் கேட்டேன்.

“அது நம்ம கப்பல் இல்லீங்க. அந்தம்மணி ஊட்டுக்காரரு வேலை செய்யற கப்பல். தாராபுரத்துக்காரரு, எஞ்சின் ரூம்ல இருக்கறாருங்க.”

(கதையில் இப்படி வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கண்ணால் பார்த்ததால் வைக்கிறேன்.)

அந்தப் பெண்ணிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அடுத்து வருவது முழுக்க என் சொந்தச் சரக்கு.

4

கணவனின் பெயர் தெரியாது. கதிரேசன் என்று வைத்தேன். கப்பல் கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கிறது. கால்வாய் வழி என்று முடிவானதால் ஆளுக்கொரு காகிதம் கொடுக்கிறார்கள். தாக்குதல் நடக்கும் பகுதிக்கு வரச் சம்மதம் என்றால் கையெழுத்து. இல்லையென்றால் கொழும்பிலேயே இறங்கி ஊருக்குப் போகலாம். (கப்பலில் வேலை செய்பவர்களுக்கு இந்த உரிமை உண்டு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இறங்கியவனை அடுத்த தடவை கூப்பிடுவார்களா என்றதற்கு மட்டும் பதில் வரவில்லை.)

கதிரேசன் மனைவியை அழைக்கிறான்.

“என்ன பண்ணட்டும் அம்மணி?”

“என்னையக் கேட்டா என்னங்க சொல்றது? எறங்கிக்குங்க. வேற கப்பல் பாத்துக்கலாமுங்க.”

“எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. ரெண்டு பேருதான் பாக்கி.”

“நீங்களும் போடோணும்னு இருக்குதுங்களா?”

லைன் இரைகிறது. “செரி அம்மணி, வாரேன்” என்கிறான். அத்தோடு துண்டிக்கப்படுகிறது.

இதை எழுதிவிட்டு என்னையே மெச்சிக்கொண்டேன். எங்கள் பக்கம் கிளம்புகிற யாரும் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார்கள், வாரேன் என்பார்கள். அவன் இறங்கி வீட்டுக்கு வருகிறானா, விடைபெறுகிறானா? யுவஸ்ரீக்குத் தெரியாது. வாசகருக்கும் தெரியாது. என்ன ஒரு கெட்டிக்காரத்தனம்!

5

முடிவுகள்.

அ) கையெழுத்துப் போடுகிறான். கப்பல் பத்திரமாகக் கால்வாயைத் தாண்டுகிறது. கதைக்காக நான் அதில் ஏற்றிவிட்ட விரிப்புகள் நவம்பரிலேயே கடைக்குப் போகின்றன. சங்கம் மகிழும்.

ஆ) கொழும்பில் இறங்குகிறான். அவன் இடத்துக்கு வேறொருவன் ஏறுகிறான். அவனுக்கும் ஒரு வீடு, வீட்டில் ஒரு போன். (அவனைப் பற்றி எழுதத் தொடங்கினால் கதை ஓயாது.)

இ) ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். தீ, புகை, எஞ்சின் அறையின் இரும்புக் கதவு. நன்றாகவே வந்திருந்தது. உண்மையைச் சொன்னால், மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஈஸ்வரமூர்த்தியே ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று மூன்றையும் சங்கத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவைத்தேன்.

6

செயலாளர்கள் மின்னஞ்சலைத் தாங்களே திறப்பதில்லை என்பது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பத்து நாள் கழித்து ஒரு காலையில் போன் வந்தது.

“சார், யுவஸ்ரீ பேசறனுங்க. மலருக்குப் பிழை பாக்கறது நாந்தானுங்க.”

பெயரைக்கூட நான் மாற்றியிருக்கவில்லை. அதெல்லாம் கற்பனை அம்மணி, என்றேன்.

“தெரியுமுங்க. ஆனா அவரும் நெசமாவே அப்படித்தானுங்க சொன்னாரு, வாரேன்னு. நீங்க எழுதுனாப்புல ரெண்டு அர்த்தமெல்லாம் இல்லீங்க சார். மொதல்லயே கையெழுத்துப் போட்டுப்போட்டுத்தான் போனே பண்ணுனாரு.”

“இப்ப எங்க இருக்கறாரு?”

“அந்தப் பக்கம் போனா கப்பல் இருக்கற எடத்தக் காட்டற மெசின அணைச்சுப்போடுவாங்களாமுங்க. நேத்து மத்தியானத்துல இருந்து புள்ளி இல்லீங்க.”



“மூணாவது முடிவை எடுத்தர்றனுங்க” என்றேன்.

“அத நானே அழிச்சுப்போட்டனுங்க” என்றார், மிகுந்த மரியாதையோடு. “இன்னொரு திருத்தம் இருக்குதுங்க. ‘வாரேன்’னு இருக்கறத ‘வந்தர்றேன்’னு மாத்திக்கட்டுங்களா? அப்படிச் சொல்லிப்போட்டா வந்துதானுங்களே ஆகோணும்.”

7

கதை என்ற அளவில் அது தவறான திருத்தம். ‘வந்தர்றேன்’, அதாவது கட்டாயம் வந்துவிடுகிறேன், என்றால் சந்தேகம் போய்விடும். சந்தேகம் போனால் கதையும் போய்விடும். மாற்றிக்கொள்ளுங்கள் என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மலர் நாளை அச்சுக்குப் போகிறது. புள்ளி இன்னும் வரவில்லை. எனக்கும் பயமாக இருக்கிறது. ஆகவே கதையின் அந்த ஒரு வரியை இங்கே இரண்டு விதமாகவும் விட்டுவைக்கிறேன்:

“செரி அம்மணி, வாரேன் / வந்தர்றேன்.”

பேனா எடுத்து ஒன்றை நீங்களே அடித்துவிடுங்கள். அச்சகத்திலிருந்து வரும் கட்டைப் பிரித்து முதல் பிரதியைத் திறந்து பார்க்கப்போவது யுவஸ்ரீ என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.