விளக்கைப் பற்றிய கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ஃபோன் வந்தது. அவள் படுக்கை விரிப்பைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு எடுத்தாள்.

"இன்டர்ன்ஷிப்புக்கு எழுதியிருந்தீங்கல்ல? மேடம் மூணு மணிக்கு வரச் சொன்னாங்க. நான் அவங்க குமாஸ்தா பேசறேன்."

"சேத்துக்கிட்டாங்களா சார்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. உங்க லெட்டரை மூணு தடவை படிச்சாங்க. மத்ததெல்லாம் இன்னும் கவர்லயே கிடக்கு."

சட்டக் கல்லூரியில் அவளுக்கு இது கடைசி ஆண்டு. ஏதாவது ஒரு வக்கீல் அலுவலகத்தில் ஆறு வாரம் பயிற்சி எடுக்க வேண்டும். சேர்த்துக்கொள்கிறோம் என்று கையெழுத்தான படிவம் புதன்கிழமை மதியத்துக்குள் கல்லூரிக்குப் போக வேண்டும். போகாவிட்டால் இறுதித் தேர்வு இல்லை. ஒரு வருடம் வீண்.

அவளுடைய வருடம் மட்டும் அல்ல. வீட்டில் அவளும் அண்ணனும்தான். அவனுக்கு வேறு ஊரில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்திருந்தது. இவள் படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தான். இதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று அவர்கள் எழுதிய கடிதம் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. அவன் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவள் படித்திருந்தாள்.

முதலில் பதினான்கு அலுவலகங்களுக்கு எழுதினாள். ஒரே கடிதம். மேலே பெயரை மட்டும் மாற்றினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கடிதத்தை வாங்கிப் படித்தான்.

"தங்கள் மேலான நிறுவனத்தில். யாருக்கு இது?"

"எல்லாருக்கும்."

"பதினாலு பேருமே மேலானவங்களா?"

"மரியாதைக்கு எழுதறதுண்ணா."

"நான் லிஃப்ட் பாக்கப் போனா எத்தனை மாடி, யார் ஏறுறாங்கன்னுதான் முதல்ல கேப்பேன். ஆஸ்பத்திரி லிஃப்டும் துணிக்கடை லிஃப்டும் ஒண்ணா? நீ இவங்க வாசலையாவது பாத்தியா, வக்கீலம்மா?"

பார்த்ததில்லை. மறுநாள் போனாள்.

பட்டியலில் அடுத்ததாக இருந்த பதினைந்தாவது முகவரி ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். துப்புரவு உடையில் ஒரு பெண் படியேறினாள். பிறகு இரண்டு காவலாளிகள். பிறகு கையில் கட்டுப் போட்ட சமையல்காரர். கார் எதுவும் வந்து நிற்கவில்லை. வேலை போனவர்கள் ஏறும் படி அது என்று புரிந்துகொண்டாள்.

கல்லூரி நூலகத்தில் அந்த வக்கீலின் பெயரைத் தேடினாள். பதினாறு வருடத்துக்கு முந்தைய மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஒன்று கிடைத்தது. ஒரு பெரிய ஹோட்டல் தன் சலவைப் பிரிவில் பத்தொன்பது பெண்களை நீக்கியிருந்தது. நீக்க அறிவிப்பைப் பின்வாசல் பலகையில் ஒட்டியிருந்தது. எதிர்த்து வழக்குப் போட முப்பது நாள் கெடு. பெண்கள் முப்பத்து நான்காம் நாள் வந்தார்கள். ஒட்டிய அன்றிலிருந்தே கணக்கு என்றது ஹோட்டல். அப்போது பெண்களின் வக்கீல் ஹோட்டல் மேலாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இவர்கள் வேலைக்கு வருவது காலை நாலரைக்கு. அந்த நேரத்தில் பலகைக்கு மேலே விளக்கு எரியுமா? எரியாது என்றார் மேலாளர். இருட்டில் யாரும் அதைப் படித்திருக்க முடியாது. பெண்கள் ஜெயித்தார்கள்.

அவள் புதிய கடிதம் எழுதினாள். மேலான என்ற சொல் அதில் இல்லை. படியேறியவர்களைப் பார்த்ததை எழுதினாள். பலகையைப் பற்றி எழுதினாள். "விளக்கைப் பற்றி நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்விக்காகவே உங்கள் அலுவலகத்தில் பயிற்சி பெற விரும்புகிறேன்" என்று முடித்தாள்.

இப்போது அழைப்பு வந்துவிட்டது. விரிப்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். ஏதாவது கேட்பார்கள் என்று தீர்ப்பின் நகலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அதுவரை முதல் பக்கத்தைச் சரியாகப் படித்திருக்கவில்லை. அதில் மனுதாரருக்காக என்று போட்டு அந்த வக்கீலின் பெயர் இருந்தது. வழக்குப் போட்டவர்கள் பெண்கள். அதனால் மனுதாரர் அவர்கள்தான் என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

கீழ் நீதிமன்றத்தில் அது சரி. அங்கே தோற்றது ஹோட்டல். மேல்முறையீட்டுக்குப் போனதும் ஹோட்டல்தான். இந்தத் தாளில் மனுதாரர் ஹோட்டல்.

மூன்று முறை படித்தாள். பிறகு அண்ணனுக்கு ஃபோன் செய்தாள். பின்னால் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது.

"ஆறாவது மாடியில தொங்கிக்கிட்டு இருக்கேன். சீக்கிரம் சொல்லு."

"அந்த லெட்டர். எந்தக் கேள்வியால அவங்க தோத்தாங்களோ அந்தக் கேள்வியைப் புகழ்ந்து அவங்களுக்கே எழுதிட்டேன்."

"புரியல."

"அவங்க ஹோட்டல் பக்கம் நின்னிருக்காங்கண்ணா. கேள்வி கேட்டது எதிர்ப் பக்கத்து வக்கீல்."

இரும்புச் சத்தம் நின்றது.

"சரியாப் போச்சு. கல்யாண வீட்டுக்குப் போயி பழைய மாப்பிள்ளையை விசாரிச்ச கதை."

"சிரிக்காத."

"சிரிக்கல. நீயா வாயைத் திறக்காத. பதினாறு வருஷம் ஆச்சு, மறந்திருப்பாங்க. கையெழுத்தை வாங்கிக்கிட்டு வா."

"மூணு தடவை படிச்சாங்களாம்."



"அப்ப என்ன பண்ணப் போற?"

"தெரியல."

"நல்ல செருப்பாப் போட்டுக்கிட்டுப் போ" என்றான்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தீர்ப்பை மறுபடியும் எடுத்தாள். இந்த முறை ஹோட்டலின் வாதத்தை மட்டும் படித்தாள். பதினோரு பக்கம். முன்பு அவற்றைப் புரட்டிக்கொண்டு போயிருந்தாள்.

மாடியில் இரண்டு அறை. முன் அறையில் சுவர் முழுக்க நாடாக் கட்டிய கோப்புகள். குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவளைப் பார்த்தார்.

"லெட்டர் நீங்கதானா? ஆளு சின்னதா இருக்கீங்களே."

"மேடம் கோவமா இருக்காங்களா சார்?"

"கோவம்னா எனக்குப் புரியும். நேத்துலேர்ந்து பழைய பெட்டியெல்லாம் இறக்கச் சொல்றாங்க. தும்மித் தும்மியே என் மூக்கு போச்சு. போங்க, உள்ள போங்க."

உள் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். முன்னால் அவளுடைய கடிதம் இருந்தது. பக்கத்தில் தூசி தட்டிய ஒரு கோப்பு.

"உக்காருங்க."

அவள் உட்காரவில்லை.

"மேடம், நான் தப்பா எழுதிட்டேன். அந்தக் கேள்வி நீங்க கேட்டதில்ல. நீங்க ஹோட்டலுக்காக ஆஜரானீங்க. மனுதாரர்னு இருந்ததைப் பாத்து மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"இன்னைக்குப் பதினோரு மணிக்கு. நீங்க கூப்பிட்டப்புறம்."

"தெரிஞ்சும் வந்தீங்க."

"கல்லூரிக்கு நாளைக்குள்ள படிவம் கொடுக்கணும் மேடம். வேற யாரும் கூப்பிடல."

வக்கீல் கடிதத்தைத் திருப்பி வைத்தார்.

"அந்த ஆளு விளக்கு எரியுமான்னு கேட்டப்ப நான் எதிர் மேசையில இருந்தேன். எங்க மேலாளர் பொய் சொல்லுவார்னு நினைச்சேன். சொல்லியிருந்தா நாங்க ஜெயிச்சிருப்போம். சொல்லலியேன்னு அன்னைக்கு அவர் மேல எனக்கு அவ்வளவு கோவம்." கோப்பின் நாடாவை விரலில் சுற்றினார். "என் வாதத்தைப் படிச்சீங்களா?"

"பஸ்ல படிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு மேடம். கெடுன்னா கெடுதான், ஆளுக்கு ஒரு தேதின்னா சட்டமே நிக்காதுன்னு சொல்லியிருந்தீங்க. அதுக்கு எனக்கு உடனே பதில் தோணல." நிறுத்தினாள். "ஆனா நீங்க தோத்தது நல்லதுன்னு தோணுச்சு."

கதவுக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா இருமினார்.

வக்கீல் சிரித்தார். நீண்ட சிரிப்பு அல்ல. கையை நீட்டினார். அவள் பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். வக்கீல் பேனாவைத் திறந்தார். படிவத்தை முழுவதும் படித்தார். கையெழுத்துப் போடவில்லை.

"இதுல நான் கையெழுத்துப் போட்டா நீங்க இந்த அலுவலகத்து ஆள். இங்க நடக்கறது உங்க மேலயும் படும். அதனால ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க."

கோப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். தீர்ப்பின் கடைசித் தாள். பத்தொன்பது பெயர்கள் வரிசையாக இருந்தன. ஏழாவது பெயருக்கு நேரே பென்சிலில் புதிதாக ஒரு கோடு.

"உங்க லெட்டர் வரலேன்னா இதை எடுத்திருக்கவே மாட்டேன். இந்த அம்மா நாலு மாசமா என் கட்சிக்காரங்க. அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி சலவையில வேலை பாத்தாங்க, அங்கயும் நிறுத்திட்டாங்க. முன்னாடி ஹோட்டல்ல இருந்தேன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு உறைக்கல. அவங்களுக்கும் என் முகம் ஞாபகம் இல்ல. அன்னைக்கு அவங்க பின் வரிசையில இருந்தாங்க. பத்தொன்பது பேர். நான் யாரையும் திரும்பிப் பாக்கல."

"வழக்கு எப்ப மேடம்?"

"நாளைக்குக் காலையில விசாரணை. அன்னைக்கு ஹோட்டலுக்காக நின்னது நான்தான்னு இப்ப சொன்னா, வேற வக்கீலைப் பாத்துக்கறேன்னு எழுந்து போகலாம். ஒரு ராத்திரியில வேற வக்கீல் எங்க கிடைப்பாங்க? நாளைக்கு முடிஞ்சப்புறம் சொல்லலாம்னு ஒரு யோசனை. சட்டப்படி தப்பில்ல. இது வேற வழக்கு, வேற முதலாளி. நேத்துலேர்ந்து இதையேதான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கறேன்."

அவள் பட்டியலைப் பார்த்தாள். விசாரணை முடிந்தே சொல்லலாம் என்று தலையாட்டிவிட்டால் போதும் என்று தோன்றியது. பேனா திறந்தே இருந்தது. கையெழுத்துக்கு இரண்டு விநாடிகூட ஆகாது. அண்ணன் இன்றைக்கே அந்த ஊருக்கு ஃபோன் செய்வான்.

"அவங்க இன்னைக்கு வருவாங்களா?"

"நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன்."

"அப்ப இன்னைக்கே சொல்லணும் மேடம். அவங்க உக்கார்றதுக்கு முன்னாடி."

"ஏன், உக்காந்தப்புறம் சொன்னா என்ன?"

"உக்காந்துட்டா எழுந்து போக சங்கடமா இருக்கும். இருக்கேன்னு சொல்லிடுவாங்க."

வக்கீல் அவளைப் பார்த்தார். அவள் வந்ததிலிருந்து இன்னும் உட்காரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தவர்போல் இருந்தது.

"அவங்க போயிட்டாங்கன்னா என்கிட்டேர்ந்து அந்த ஒரு கேஸ் போகும். அவ்வளவுதான்னு நினைக்காதீங்க. இந்தப் படியில ஏறுற எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லித்தான் வர்றாங்க. இந்தக் கதையையும் சொல்லுவாங்க. ஆறு வாரம் கழிச்சு நான் உங்களுக்குக் கொடுக்கற சான்றிதழுக்கு என்ன மதிப்பு இருக்கும்னு எனக்கே தெரியாது."

"தெரியும் மேடம்" என்றாள். எனக்கும் தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறும் சத்தம். குமாஸ்தா கதவைத் திறந்தார்.

"மேடம், அந்தம்மா வந்துட்டாங்க. கொஞ்சம் முன்னாடியே வந்துட்டாங்க. உக்கார வைக்கட்டுமா?"

"வேண்டாம். உள்ள அனுப்புங்க."

வக்கீல் பேனாவை மூடவில்லை. படிவத்தின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவள் பையைத் தோளில் மாட்டினாள். பிறகு கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே வந்த பெண் கனத்த உடம்புக்காரர். விரல்களின் தோல் வெளுத்து உரிந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"அப்பாடா. உங்க படியை யாரு கட்டினதும்மா? அவன் மேலயும் ஒரு கேஸ் போடணும்."

நாற்காலியை இழுத்தார்.

"உக்காராதீங்கம்மா" என்றார் வக்கீல். "முதல்ல நான் ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு, இருக்கறதா போறதான்னு நீங்க முடிவு பண்ணுங்க."

அந்தப் பெண் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார். வக்கீலைப் பார்த்தார். மேசையில் திறந்து கிடந்த கோப்பைப் பார்த்தார். பிறகு சுவரோரம் பையோடு நின்றவளைப் பார்த்தார்.

"சொல்லுங்க, கேக்கறேன். அதுக்கு முன்னாடி, யாரும்மா இந்தப் பொண்ணு? உங்ககிட்ட சேந்திருக்கா?"