மஹ்பூபாவின் கடைவாய்ப்பல்

பெருநாள் கழிந்ததிலிருந்து மஹ்பூபா தன் இடது கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருந்தாள். ஏழு வயது, ஒரு சொல் பேசியதில்லை, யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. ஜின் என்று சொல்லிச் சொந்தக்காரர்கள் தாயத்துக் கட்டினார்கள். அதையும் கடித்துத் துப்பினாள். கன்னம் வீங்கிய பிறகுதான் உம்மா ஆஸியா பீவிக்கு அது பல் வேலை என்று தெரிந்தது. பிரஷ்ஷைக் கண்டால் பிள்ளை வீட்டை ரெண்டு பண்ணிவிடுவாள். துபாயிலிருந்து வாப்பா அனுப்பும் டின் பாலில் தோய்த்த ரொட்டி தவிர எதுவும் இறங்காது. இப்போது அதுவும் இறங்கவில்லை.

தலத்தெருப் பல் டாக்டர் திருஞானசம்பந்தத்தின் அறையில் கருவிகளைவிடச் சான்றிதழ்கள் அதிகம். பாரிசில் கொஞ்ச நாள் தங்கியதற்கும் பிரெஞ்சில் ஒன்று தொங்கியது. பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்கள் அவரிடம் பல் காட்ட வருவதில்லை. நோயாளி வாயைத் திறக்குமுன் அவர் திறந்துவிடுவார்.

"பூச்சின்னு சொல்லாதீங்கம்மா. கிருமி! இனிப்பைத் திங்கும், அமிலத்தைக் கக்கும், பல்லை அரிக்கும். பாரிஸ்ல நான் இருந்தப்போ..."

குரல் மேடையேறியது. மஹ்பூபா காதைப் பொத்தி, வாயை இறுக்கினாள். தாடையைப் பிடிக்கப் போன கம்பவுண்டர் செல்லையன் கையில் கடி வாங்கினார்.

"புள்ள வளர்த்த லட்சணமா இது? மெட்ராஸுக்குக் கொண்டு போங்க" என்றார் டாக்டர்.

மெட்ராஸுக்கு யார் கொண்டு போவது? ஆஸியா பீவி அசையவில்லை. பிள்ளையின் கண் போன இடத்தைப் பார்த்தாள். காலால் மிதித்து ஓட்டும் துளைப்பு எந்திரத்தின் சக்கரம். வீட்டில் தையல் மிஷின் ஓடினாலே போதும், இவள் வாய் தானாகப் பிளந்துவிடும். ஈ நுழைந்தாலும் தெரியாது.

"டாக்டர், அந்தச் சக்கரத்தச் சும்மா மிதிங்க."

"நான் என்ன தையக்காரனா?"

"நீங்க வாயை மூடிக்கங்க. அவ தொறப்பா."

செல்லையன் சிரிப்பை இருமலாக்கினார். டாக்டர் சுவரைப் பார்த்தார். எந்தச் சான்றிதழும் துணைக்கு வரவில்லை. உட்கார்ந்து மிதித்தார். சக்கரம் சுழன்றது. காதிலிருந்து கைகள் இறங்கின, உதடு நெகிழ்ந்தது.

"பார்த்தீங்களா, இதைத்தான் பாரிஸ்ல..."

பிள்ளையின் வாய் பட்டென்று மூடிக்கொண்டது. ஆஸியா பீவி உதட்டில் விரல் வைத்து டாக்டரைப் பார்த்தாள்.

மறுபடி மிதித்தார். வியர்வை மூக்கு நுனியில் நின்றது, துடைக்கவில்லை. பேச்சே இல்லாமல் குனிந்து, பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை அவள் வாய்ப்பக்கம் மெல்ல நீட்டினார். அதற்குள்ளும் ஒரு சக்கரம், குன்றிமணி அளவில் சுழன்றது. மஹ்பூபா அது போன வழியே கண்ணை ஓட்டி, இன்னும் அகலமாகத் திறந்தாள்.