கோட்டைக் காவலனின் இடது காது

இந்துஜா அந்த மாயாஜால நாவலைப் பள்ளிக்கூட நாட்களிலிருந்து ஆறு முறை படித்திருக்கிறாள். ஏழாவது முறை அவள் கவனம் இளவரசியை விட்டுக் கோட்டைக் காவலன் வெம்பன் மேல் போயிற்று. கடைசி அத்தியாயத்தில், இடப்பக்கமிருந்து டிராகன் பாய்ந்து வருவது கேட்காமல் செத்துப்போகிறவன் அவன். அவனுக்கு இடது காது செவிடு என்பது அங்கேதான் தெரியவரும். ஆனால் எழுதியவர் அதை முதலிலிருந்தே காட்டிக்கொண்டு வந்திருந்தார். வெம்பன் எப்போதும் இடப்பக்கம் சுவர் இருக்கும்படி உட்காருகிறான். பேசுகிறவர்களின் வாயையே பார்க்கிறான். எப்போது வந்தாய் என்று கேட்டால், ஆமாம் என்கிறான்.

அந்த இடத்தில் இந்துஜா புத்தகத்தை மூடினாள்.

முந்தின நாள் லேக் மார்க்கெட் இரைச்சலில் தேங்காய் எத்தனை வாங்கலாம் என்று கேட்டதற்கு, அவள் கணவன் ஃபிராங்க்ளின் "ஆமா" என்றிருந்தான். அவன் கட்டிலில் இடம் மாறிப் படுத்து மாதங்களாகின்றன. ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லையாம். அவனுக்கு வேலை கிடர்பூர் துறைமுகத்தில், ரிவர்ஸ் எடுக்கும் லாரிகளுக்கு நடுவே.

அவன் வாசலருகே ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். வலப்பக்கம் டிவியில் பெங்காலிச் செய்தி. இந்துஜா அவன் இடது தோளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"ஃபிராங்க்ளின், வீடு தீப்பிடிச்சிருச்சு."

அவன் இன்னொரு முடிச்சுப் போட்டான். எழுந்து, துறைமுகத்தில் போட்டுக்கொள்ளும் ஹெல்மெட்டை எடுத்தான்.

இந்துஜா டிவியை அணைத்துவிட்டுக் கதவை மறித்து நின்றாள்.

"என்னட்டி, பஸ் போயிரும்."

"இடது காது எப்பருந்து கேக்கல?"

அவன் சிரித்தான். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பின்னால நின்னு, வீடு தீப்பிடிச்சிருச்சுன்னேன். நீ திரும்பல."

சிரிப்பு நின்றது. "ஆறு மாசமாச்சு. சொன்னா லாரி யார்டுக்குள்ள விடமாட்டாங்க. சூப்பர்வைசர் ஆக்கப்போற நேரம்."

"போன வாரம் சட்டை கிழிஞ்சுச்சே. கம்பில மாட்டுச்சுன்ன."

அவன் தரையைப் பார்த்தான். "லாரி பின்னால வந்துச்சு. ஹாரன் அடிச்சானாம். கூட வேல பாக்குற துரைசாமி அண்ணன்தான் காலரப் பிடிச்சு இழுத்தாரு."

அந்தக் கிழிசலைத் தைத்தது அவள்தான். தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள்.

"வழி விடு, இந்து."

"மாட்டேன். நீயே ஆபீசுக்குச் சொல்லு. இல்லன்னா துரைசாமி அண்ணன்கிட்ட நான் பேசுவேன்."

அவன் கை அவள் கைமேல் வந்து தாழ்ப்பாளை இழுத்தது. அவள் விடவில்லை. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவன் பிடி மெல்லத் தளர்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தான்.

அன்றே காது டாக்டர் பார்த்தார். இடது காது நரம்பு போனது போனதுதான், வலதையாவது காப்பாற்றுங்கள் என்றார். கம்பெனியில் அவனை டாக்குமெண்ட் அறைக்கு மாற்றினார்கள். சூப்பர்வைசர் வேலை வேறொருவருக்குப் போயிற்று. இரண்டு வாரம் அவன் அவளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பதினைந்தாம் நாள், சாப்பிட்டுக்கொண்டே, "அந்த ரூம்ல ஏசி ரொம்பக் குளிருதுட்டி. ஸ்வெட்டர் இருந்தா எடுத்து வை," என்றான்.

இந்துஜா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள்.